பாறையைத் துளைத்த வண்டி: நம்ம பக்கத்து போர்வெல்லின் கதை

1/
ராஜஸ்தானோ ஒடிசாவோ, வெளிமாநிலத்தில் எங்கேயாவது போர் போடும் வண்டி நிற்பதைப் பார்த்தால் நம்பர் பிளேட்டைக் கொஞ்சம் கவனியுங்கள். டிஎன் 34 என்று இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அது திருச்செங்கோட்டுப் பதிவு. ஆப்பிரிக்க நாடுகள் வரைக்கும் நம்ம திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளும் ஆட்களும் போயிருக்கிறார்கள்.

இந்தத் தொழில் எங்கிருந்து வந்தது? நம்ம உடம்புக்கு அது என்ன நல்லது செய்தது, என்ன கெட்டது செய்தது? கொஞ்சம் நீளமான இழை இது. பொறுமையாகப் படியுங்கள் நண்பர்களே.

2/
முதலில் நிலத்தைப் பார்ப்போம்.

நான் இருப்பது கொண்டப்பநாயக்கன்பட்டி. சேலத்தில் இருந்து ஏற்காடு போகிற வழியில், சேர்வராயன் மலை அடிவாரம். இங்கே கடப்பாரையைப் போட்டால் கொஞ்ச ஆழத்திலேயே "டங்"குன்னு சத்தம் வரும். பாறை! இங்கிருந்து ராசிபுரம், நாமக்கல், திருச்செங்கோடு வரை பெரும்பாலும் இதே கதைதான். மேலே மண், கீழே கெட்டிப் பாறை.

தஞ்சாவூர் மாதிரி ஆற்று மணல் படிந்த பூமியில் தண்ணீர் மணலுக்குள் ஊறிக் கிடக்கும். நம்ம பக்கம் அப்படி இல்லை. பாறையில் எங்கே வெடிப்பு இருக்கிறதோ அங்கேதான் தண்ணீர். வெடிப்பு சிக்கினால் யோகம். சிக்காவிட்டால் வெறும் கல்லுதான்.

3/
அதனால் நம்ம முன்னோர்கள் அகலமான திறந்த கிணறு வெட்டினார்கள். கடப்பாரை, சம்மட்டி, வெடிமருந்து. ஒரு கிணறு முடிய மாசக்கணக்கு ஆகும். தண்ணீர் இறைக்க கவலை ஏற்றம். இரண்டு மாடு சரிவில் இறங்கினால் தோல் பறி நிறைய தண்ணீர் மேலே வரும். மாடு பின்னாடியே ஏறி வந்தால் பறி கீழே போகும். விடியும் முன்னாடி ஆரம்பிக்கிற வேலை.

இதில் ஒரு நல்ல விஷயமும் ஒளிந்திருந்தது. மாட்டின் கால் எவ்வளவு இழுக்குமோ அவ்வளவு தண்ணீர்தான் எடுக்க முடியும். பூமியைக் காலி செய்யும் பலம் மனிதனிடம் அப்போது இல்லை.

4/
அந்த எல்லையை உடைத்தது மின்சாரம்.

1934-ல் மேட்டூர் அணை. 1937-ல் மேட்டூர் நீர்மின்சாரம். அதே 1937-ல் கோவையில் ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரமும் உள்நாட்டிலேயே மின்மோட்டார் தயாரித்துக் காட்டினார்கள். மெல்ல மெல்லக் கவலை நின்றது, மோட்டார் ஓட ஆரம்பித்தது.

இந்த 1937-ஐ மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். அதே வருஷம் நம்ம சென்னை மாகாணத்தில் இன்னொரு கண்டுபிடிப்பும் வெளியானது. அதைப் பிறகு சொல்கிறேன்.

5/
இப்போ ஒரு நோய்க்கு வருவோம். பெயர் நரம்புச்சிலந்தி.

இன்றைய மருத்துவ மாணவர்கள் புத்தகத்தில் மட்டும் படிக்கும் நோய். அன்று இந்தியாவில் ராஜஸ்தான், ஆந்திரா, கர்நாடகம் உட்பட ஏழு மாநிலங்களில் இருந்தது. தமிழ்நாடும் அந்தப் பட்டியலில் உண்டு.

குளத்திலோ படிக்கிணற்றிலோ உள்ள தண்ணீரைக் குடிக்கிறோம். அதில் கண்ணுக்கு எளிதில் தெரியாத சிறு நீர்ப்பூச்சி. அதன் வயிற்றில் இந்தப் புழுவின் குஞ்சு. நம்ம உடம்புக்குள் போய், சுமார் ஒரு வருஷம் கழித்து, ஒரு மீட்டர் வரை நீளமான புழுவாகக் காலைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும்.

6/
வலி, எரிச்சல் தாங்காது. நோயாளி என்ன செய்வார்? காலைத் தண்ணீரில் வைப்பார். அந்த நொடியில் புழு ஆயிரக்கணக்கான குஞ்சுகளைத் தண்ணீரில் விடும். படிக்கிணற்றில் இறங்கிக் கால் வைத்தால் ஊருக்கே அடுத்த வருஷம் நோய் தயார்.

இதற்கு மருந்து கிடையாது. தடுப்பூசியும் கிடையாது. ஒரு குச்சியில் புழுவைச் சுற்றி, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து எடுக்க வேண்டும். நடுவில் அறுந்தால் சீழ் பிடிக்கும். நடவுக்கும் அறுப்புக்கும் ஆள் வேண்டிய நேரத்தில் வாரக்கணக்கில் படுக்கை. வறுமையை உண்டாக்குகிற நோய் அது.

தப்பிக்க நல்ல வழி, யாரும் கால் வைக்க முடியாத தண்ணீர். அதாவது மூடிய துளையில் இருந்து வரும் தண்ணீர்.

7/
ஆனால் பாறையில் துளை போடுவது எப்படி?

பழைய முறையில் கனமான உளியைக் கயிற்றில் கட்டி மேலே இருந்து குத்துவார்கள். கெட்டிப் பாறையில் ஒரு நாளுக்குச் சில அடி போனாலே பெரிய விஷயம்.

1966-67-ல் பீகாரில் கடும் வறட்சி. கிணறுகள் வற்றின. யூனிசெஃப் அமைப்பு அழுத்தக் காற்றில் இயங்கும் துளைக் கருவிகளைப் பிரிட்டனில் இருந்து கொண்டு வந்தது. வாரக்கணக்கில் நடந்த வேலை ஒரே நாளில் முடிந்தது.

8/
அதன் சூட்சுமம் எளிமையானது. சம்மட்டி மேலே இல்லை. துளையின் அடியிலேயே, பாறையைத் தொட்டபடி இருக்கிறது. மேலே லாரியில் கம்ப்ரசர். அழுத்தக் காற்று ராடு வழியாகக் கீழே போய் சம்மட்டியை இயக்கும். அதே காற்று உடைந்த கல்தூளை ஊதி மேலே தள்ளும். ஆழம் கூடக்கூட ராடுகளைச் சேர்த்துக்கொண்டே போகலாம்.

நம்ம ஊரில் போர் போடும்போது ரோடு முழுக்க வெள்ளையாக மாவு பறக்குமே, அது இந்தக் காற்று ஊதித் தள்ளுகிற தூள்தான்.

9/
துளை போட்டாச்சு. தண்ணீர் எப்படி மேலே வரும்? அடிபம்பு.

அன்று இருந்த வார்ப்பிரும்பு பம்புகள் ஒரு வீட்டுக்கு என்று செய்யப்பட்டவை. ஊரே வரிசையில் நின்று அடித்தால் தாங்குமா? 1974-ல் யூனிசெஃப் கணக்கெடுத்தபோது முக்கால்வாசி பம்புகள் வேலை செய்யவில்லை. கோடிக்கணக்கில் செலவழித்துத் துளை போட்டு, கடைசியில் கைப்பிடி உடைந்து கிடக்கிறது!

அப்போ ஒரு நல்ல காரியம் நடந்தது. மகாராஷ்டிரத்தின் சோலாப்பூர் பக்கம் உழைத்துக்கொண்டிருந்த ஒரு பம்பு வடிவத்தை எடுத்து, யூனிசெஃப், சென்னையில் இருந்த மெராடோ என்ற பொறியியல் ஆய்வு அமைப்பு, அரசு நிறுவனமான ரிச்சர்ட்சன் அண்டு க்ருடாஸ் மூன்றும் சேர்ந்து மேம்படுத்தின. கோவைப் பகுதியின் ஆழமான போர்களில் வைத்துச் சோதித்தார்கள். 1977 வாக்கில் சென்னையில் தயாரிப்பு தொடங்கியது. அதுதான் இந்தியா மார்க் 2.

10/
நீங்கள் சின்ன வயதில் தொங்கித் தொங்கி அடித்த அந்த அடிபம்புதான் நண்பர்களே! யாருக்கும் காப்புரிமைக் கட்டணம் கட்ட வேண்டாம். யார் வேண்டுமானாலும் செய்யலாம். ஆனால் தரக்கட்டுப்பாடு உண்டு. ஆப்பிரிக்கா முழுக்க அது பரவியது. உலகில் அதிகம் பயன்பட்ட கைபம்புகளில் ஒன்று நம்ம சென்னையில் உருவானது என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

11/
பலன் என்ன?

1984-ல் இந்தியாவில் சுமார் 40,000 நரம்புச்சிலந்தி நோயாளிகள் கணக்கில் வந்தார்கள். போர்வெல், அடிபம்பு, படிக்கிணறுகளை மாற்றி அமைத்தது, துணியில் வடிகட்டிக் குடிக்கும் பழக்கம், வீடு வீடாகப் போன சுகாதாரப் பணியாளர்கள். எல்லாம் சேர்ந்து வேலை செய்தது. 1996 ஜூலையில் கடைசி நோயாளி. 2000-ல் இந்தியா இந்த நோயில் இருந்து விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது.

மருந்தும் தடுப்பூசியும் இல்லாமல் ஒரு நோயை நாட்டை விட்டு விரட்டினோம். அதில் ரிக் வண்டிக்கும் பங்கு உண்டு. இதை மறக்கவே கூடாது. இனி சொல்லப்போவது கசப்பான பாதி. அதற்காக இந்த முதல் பாதி பொய்யாகிவிடாது.

12/
திருச்செங்கோட்டுக்கு வருவோம்.

மானாவாரி பூமி. மழை பொய்த்தால் பிழைப்பு இல்லை. இயந்திரத்தையும் லாரியையும் பழகிய கைகள் இந்தப் பக்கம் நிறைய. நாமக்கல் லாரி பாடி கட்டும் தொழில் பக்கத்திலேயே இருக்கிறது. அந்தச் சூழலில் விவசாயக் குடும்பத்து ஆட்கள் ரிக் வண்டிக்குப் பணம் போட்டார்கள். முதலில் வண்டியை ஓட்டினார்கள். பிறகு பழுது பார்த்தார்கள். அப்புறம் வண்டியையே இங்கேயே கட்டினார்கள். ஒரு வெளிநாட்டுத் தொழில்நுட்பம் ஒரு சிற்றூரின் கைத்தொழிலாக மாறிய கதை இது. "அடிக்கு இவ்வளவு" என்ற கணக்கோடு இந்தியா முழுக்கப் போனார்கள்.

13/
இந்த "அடிக்கு இவ்வளவு" என்பதைக் கவனியுங்கள். எவ்வளவு ஆழம் போகிறதோ அவ்வளவு காசு. தண்ணீர் எப்படிப்பட்டது என்பதற்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை. வண்டிக்காரரைக் குறை சொல்லவில்லை. அவரிடம் யாரும் அதைக் கேட்கவில்லை. போர் போடுகிற நாமும் கேட்டதில்லை. தேங்காயை உள்ளங்கையில் வைத்து நீரோட்டம் பார்ப்போம், பூஜை போடுவோம், "எத்தனை இஞ்சு தண்ணி?" என்று கேட்போம். அதோடு சரி.

1990 வாக்கில் விவசாயத்துக்கு இலவச மின்சாரம் வந்தது. கஷ்டப்பட்ட விவசாயிக்கு அது பெரிய உதவி. ஆனால் மாட்டின் கால் போட்டிருந்த எல்லை அதோடு முழுசாகப் போனது. பக்கத்துக் காட்டுக்காரர் 300 அடி போனால் நான் 500 அடி. அவர் 800 போனால் நான் ஆயிரம். கிணறு வற்றியது. மேலடுக்கு வெடிப்புகளில் நின்ற தண்ணீரும் வற்றியது.

14/
இப்போ அந்த 1937.

மேட்டூரில் மின்சாரம் வந்த அதே ஆண்டு, ஷார்ட் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் இந்திய மருத்துவ ஆய்விதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பக்கத்துக் கிராமங்களில் மக்களுக்குப் பல்லில் காவிக் கறை, முதுகு விறைப்பு, கழுத்தைத் திருப்ப முடியாத நிலை. காரணம், கிணற்றுத் தண்ணீரில் இருந்த ஃபுளோரைடு. ஆக, பாறை நீரில் ஃபுளோரைடு இருக்கலாம், அது எலும்பை முடக்கும் என்பது பீகாருக்கு ரிக் வண்டி வருவதற்கு 30 வருஷம் முன்னாடியே நம்ம மாகாணத்திலேயே அச்சில் வந்த விஷயம்.

மோட்டார் வேகமாகப் பரவியது. அந்தக் கட்டுரை அலமாரியில் தூங்கியது.

15/
பாறையில் ஏன் ஃபுளோரைடு?

நம்ம பக்கத்துப் பாறைகளில் ஃபுளோரைடு கலந்த கனிமங்கள் இயற்கையாகவே உண்டு. வெடிப்புக்குள் நெடுங்காலம் தேங்கி நிற்கும் தண்ணீர் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொள்ளும். ஆழமான எல்லாப் போரிலும் இருக்கும் என்று சொல்ல முடியாது. பக்கத்துப் பக்கத்து போரிலேயே அளவு மாறும். ருசியில் தெரியாது. நிறத்தில் தெரியாது. வாசனையும் இல்லை. கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும். சோதித்தால் மட்டுமே தெரியும்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம், நாமக்கல் மாவட்டங்களின் பல பகுதிகளில் அளவை மீறிய ஃபுளோரைடு ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. இந்திய தரநிலைப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை நல்லது. வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை.

16/
உடம்பில் என்ன செய்யும்?

குழந்தைக்கு ஈறுக்குள் பல் உருவாகும் வயதில், அதாவது சுமார் எட்டு வயதுக்குள், இந்தத் தண்ணீரைக் குடித்தால் பல்லில் சுண்ணாம்பு வெள்ளைத் திட்டு, பிறகு மஞ்சள், காவிக் கோடுகள். எவ்வளவு விளக்கினாலும் போகாது. "பல்லே விளக்க மாட்டேங்குறான் டாக்டர்" என்று அம்மாக்கள் பிள்ளையைத் திட்டுவார்கள். பாவம், அந்தப் பிள்ளை மேல் தப்பே இல்லை. வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போது மனசு கஷ்டமா இருக்கும்.

பெரியவர்களுக்கு, பல வருஷம் அதிக அளவில் குடித்தால் எலும்பிலும் தசைநாரிலும் சேரும். மூட்டு வலி, முதுகு விறைப்பு. முற்றிய நிலையில் குனிய முடியாது, கழுத்து திரும்பாது. ஆரம்பத்தில் சாதாரண வாதம் என்று நினைத்து வலி மாத்திரையே வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். தண்ணீரை யாரும் சந்தேகப்படுவதில்லை.

17/
இது நம்ம ஊர்ப் பிரச்சனை மட்டும்தானா? இல்லை. பக்கத்து வங்கதேசத்தைப் பாருங்கள்.

அங்கே குளத்து நீரால் வயிற்றுப்போக்கு வந்து குழந்தைகள் இறந்தார்கள். 1970-களில் இருந்து லட்சக்கணக்கில் குழாய்க் கிணறுகள் போடப்பட்டன. நல்ல எண்ணம், நல்ல பலன். ஆனால் அன்றைய வழக்கமான நீர்ப்பரிசோதனையில் ஆர்சனிக் இடம்பெறவில்லை. 1983-ல் கொல்கத்தாவில் கே.சி.சாஹா என்ற தோல் மருத்துவர், மேற்கு வங்கக் கிராமத்து நோயாளிகளின் தோலில் வந்த புள்ளிகளைப் பார்த்து ஆர்சனிக் என்று கண்டறிந்தார். 1993-ல் வங்கதேசக் கிணறுகளிலும் அது உறுதியானது. கோடிக்கணக்கான மக்கள் அந்தத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

கிருமி இல்லாத தண்ணீர் கொடுத்தோம். விஷம் இருக்கிறதா என்று பார்க்கவில்லை.

18/
தவறை உணர்ந்து திருத்த எவ்வளவு செலவு ஆகும்? தர்மபுரியும் கிருஷ்ணகிரியுமே சாட்சி.

காவிரித் தண்ணீரை மேலேற்றி அந்த இரு மாவட்டங்களுக்கும் கொண்டுபோன ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் முழுப் பெயரிலேயே "ஃபுளோரோசிஸ் பாதிப்புத் தணிப்பு" என்று இருக்கிறது. ஜப்பான் நாட்டுக் கடனுதவி. 2013-ல் பயன்பாட்டுக்கு வந்தது. செலவு ஆயிரம் கோடி ரூபாயைத் தாண்டியது. 1937-ல் தெரிந்த ஒரு விஷயத்துக்கு 2013-ல் தீர்வு. நடுவில் 76 வருஷம். எத்தனை தலைமுறைப் பற்கள், எத்தனை முதுகுகள்!

19/
இன்னும் இரண்டு விலைகளைச் சொல்லியாக வேண்டும்.

ஒன்று, ரிக் தொழிலாளியின் நுரையீரல். பாறைத்தூளில் சிலிகா இருக்கும். வருஷக்கணக்கில் அதைச் சுவாசித்தால் சிலிக்கோசிஸ் என்ற நோய் வரலாம். நுரையீரல் தழும்பாகி மூச்சு வாங்கும். காசநோய் வரும் ஆபத்தும் கூடும். தழும்பைச் சரிசெய்யும் மருந்து இல்லை. தண்ணீர் தெளித்து அல்லது நுரை விட்டுத் தூளை அடக்கலாம், சரியான முகக்கவசம் போடலாம். துண்டை முகத்தில் சுற்றிக்கொள்வது போதாது.

இரண்டு, கைவிடப்பட்ட துளை. 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தையை மீட்க நடந்த போராட்டத்தைத் தமிழ்நாடே தூங்காமல் பார்த்தது. காப்பாற்ற முடியவில்லை. மூடாமல் விட்ட போர் குறித்து 2010-லேயே உச்ச நீதிமன்றம் விதிமுறை சொல்லியிருந்தது. ஒரு மூடி போட்டிருந்தால் போதும்.

20/
மூன்று கதையிலும் ஒரே குறைதான். துளை போடும் வேலைக்குப் பணம், ஆள், வேகம் எல்லாம் இருந்தது. துளை போட்ட பிறகு செய்ய வேண்டிய சின்ன வேலைக்கு, அதாவது சோதனைக்கு, முகக்கவசத்துக்கு, மூடிக்கு, யாரும் பொறுப்பாளியாக இல்லை.

தொழில்நுட்பம் கெட்டது என்று நான் சொல்லவில்லை. கவலை ஏற்றத்துக்கும் நரம்புச்சிலந்திக்கும் யாரும் திரும்பிப் போக வேண்டாம். அடிபம்புக் கதையை நினைத்துப் பாருங்கள். முக்கால்வாசி பம்பு உடைந்து கிடக்கிறது என்று 1974-ல் ஒருவர் எண்ணிப் பார்த்ததால்தான் மார்க் 2 பிறந்தது. எண்ணிப் பார்த்த இடத்தில் ஜெயித்தோம். எண்ணாத இடத்தில் தோற்றோம்.

21/
இதை இப்போ சொல்லக் காரணம் இருக்கிறது. அடுத்த அலை வந்துவிட்டது. சூரிய சக்தி பம்பு. 2019-ல் மத்திய அரசு பிஎம் குசும் திட்டத்தைத் தொடங்கியது. ஆப்பிரிக்க நாடுகளிலும் வேகமாகப் பரவுகிறது. டீசல் செலவு இல்லை, கரண்ட் பில் இல்லை. நமக்கு இலவச மின்சாரம் செய்ததை அவர்களுக்குச் சூரியன் செய்யப்போகிறது.

எத்தியோப்பியா, கென்யா, டான்சானியா வழியாகப் போகும் பெரும்பிளவுப் பள்ளத்தாக்கில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது உலகம் அறிந்தது. நம்ம வண்டிகள் அந்தக் கண்டத்தில் துளை போடப் போகின்றன. நம்ம பிள்ளைகளின் பல் நமக்குச் சொன்ன பாடத்தையும் சேர்த்து எடுத்துப்போனால் எவ்வளவு நல்லது!

22/
சரி.. நாம் வீட்டில் என்ன செய்யலாம்?

• குடிக்க போர் தண்ணீர் பயன்படுத்தினால் ஒருமுறையாவது ஃபுளோரைடு சோதனை செய்யுங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டத்தில் ஆய்வகம் உண்டு. போர் போட ஆகும் செலவோடு பார்த்தால் சோதனைச் செலவு ஒன்றுமே இல்லை.
• கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற அடர்த்தி கூடும். சாதாரண வடிகட்டியிலும் போகாது. ஆர்ஓ குறைக்கும், ஆனால் சவ்வை நேரத்துக்கு மாற்ற வேண்டும்.
• காவிரிக் குழாய்த் தண்ணீர் வருகிற வீடுகளில் அதைக் குடிக்கவும் சமைக்கவும் வையுங்கள். போர் தண்ணீர் குளிக்க, துவைக்க.
• கூரையில் பிடித்த மழைநீரில் ஃபுளோரைடு மிகமிகக் குறைவு. 2003-ல் கட்டாயமாக்கிய மழைநீர் அமைப்பு உங்கள் வீட்டில் வேலை செய்கிறதா என்று ஏறிப் பாருங்கள்.
• பால், மோர், ராகி, கீரை. கால்சியம் குறைந்த குழந்தைக்கு ஃபுளோரைடு பாதிப்பு இன்னும் மோசமாகும்.
• தண்ணீர் வராத போர் உங்கள் நிலத்தில் இருந்தால் மண் கொட்டி மூடி, மேலே சிமெண்ட் போடுங்கள். நாளைக்கு இல்லை. இன்னைக்கே.

23/
பல்லில் ஏறிய கறை தானாகப் போகாது. முற்றிய எலும்பு விறைப்பும் திரும்பாது. ஆனால் ஆரம்பத்திலேயே தண்ணீரை மாற்றினால் வலியும் விறைப்பும் பலருக்குக் குறையும். அடுத்து பிறக்கும் குழந்தையின் பல்லை முழுசாகக் காப்பாற்றலாம்.

அடுத்த முறை உங்கள் வீட்டுக்கு ரிக் வண்டி வந்தால் "எத்தனை அடி, எத்தனை இஞ்சு" என்ற கேள்விகளோடு மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்துக் கேளுங்கள்: "இந்தத் தண்ணியை எங்கே டெஸ்ட் பண்ணலாம்?"

ஊரில் எல்லோரும் கேட்க ஆரம்பித்தால், அதற்குப் பதில் வைத்திருக்கும் வண்டிதான் வேலை பிடிக்கும்.

உங்கள் ஊர் போர் தண்ணீரைச் சோதித்திருந்தால் அளவை இந்த இழையிலேயே எழுதுங்கள். பக்கத்து ஊர்க்காரர்களுக்கு உதவும்.